சத்தம் போடாத கணினி செய்த நால்வர்

கோணலூருக்கு வழி கேட்டுப் போனவர் யாரும் இதுவரை அங்கே போய்ச் சேர்ந்ததில்லை. கடைசித் திருப்பத்தில் கோணலூர்க்காரரிடம்தான் வழி கேட்டாக வேண்டும் என்பதே காரணம். கேட்காமல் போகிறவர்கள் நேராகப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். அப்படிச் சேர்ந்தவர்கள், பூவரசந்தெருவில் இருக்கும் மாசிலாமணி வீட்டைப் பார்க்காமல் திரும்புவதில்லை. சத்தமே போடாத கணினி ஒன்று அந்த வீட்டில்தான் செய்யப்பட்டது. நான்கு பேர், நான்கு நாள், ஒரே ஒரு புத்தகம்.

மாசிலாமணிக்கு ஒரு வேலையும் கிடையாது. அதனால் எப்போது பார்த்தாலும் வேலையாக இருப்பான். அவன் மனைவி இலஞ்சியம் அதற்கு நேர்மாறு. வக்கீல் ஒருவரிடம் தட்டச்சு வேலை பார்த்தவள். குயிலி பிறந்த பிறகு வெளியே போக முடியவில்லை. குயிலிக்கு இப்போது ஏழு மாதம். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு, வீட்டிலிருந்தபடியே தட்டச்சு செய்து தர ஆள் வேண்டும் என்று சென்னையில் ஒரு நிறுவனம் விளம்பரம் கொடுத்திருந்தது. இலஞ்சியம் எழுதிப் போட்டாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, வீட்டுக் கணினியிலேயே தேர்வு. ஒரு மணி நேரம் எழுந்திருக்கக் கூடாது. தவறினால் அடுத்த வருடம்தான்.

அந்த வீட்டில் ஒரு வேலையை எடுத்தால் முடிக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். எனவே அந்த வேலை அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்பதில் மாசிலாமணி மிகவும் உறுதியாக இருந்தான். அவளுக்கு உதவி செய்வது என்று முடிவெடுத்தான். அவளுக்கு வந்த கஷ்டம் அங்கேதான் தொடங்கியது.

வீட்டில் இருந்தது பழைய கணினி. முடுக்கினால் மாவு மில் ஓடுவதுபோல் இருக்கும். திங்கட்கிழமை காலையில் மாசிலாமணி தன் நண்பர்கள் மூவரையும் கூடத்தில் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னான்.

"அந்த கம்ப்யூட்டர் சத்தத்துல பாப்பா முழிச்சிக்கிறா. வெள்ளிக்கிழமை இவ பரீட்சை எழுதுறப்ப முழிச்சா என்ன பண்றது?"

தூளியை ஆட்டிக்கொண்டிருந்த இலஞ்சியம் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, எத்தனை தடவை சொல்றது. அது ஓடுறப்ப நல்லாத் தூங்குறா. பொறந்ததுலருந்து அந்தச் சத்தத்துலதான் தூங்கிப் பழக்கம். நிறுத்துனாதான் முழிக்கிறா."

நால்வரும் இதை யோசித்தார்கள். அவர்கள் யோசிப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால் பல்வலி என்று தோன்றும்.

"நிறுத்துனா முழிக்கிறான்னா என்ன அர்த்தம்?" என்றார் ஏகாம்பரம். "அது ஓடுற வரைக்கும் புள்ள பயந்து மயங்கிக் கிடக்குது. நின்னதும்தான் தெளிஞ்சு அழுவுது. பாவம்."

மாசிலாமணிக்குக் கண் கலங்கியது. "இது எனக்குத் தோணவே இல்லண்ணே."

ஏகாம்பரம்தான் அவர்களுக்குத் தலைவர். நால்வரில் மூக்குக்கண்ணாடி போட்டவர் அவர் ஒருவரே. அதில் இடப்பக்கக் கண்ணாடி எப்போதோ விழுந்துவிட்டது. வலப்பக்கம் மட்டும் இருந்தது. ஆகையால் எந்தப் புத்தகத்திலும் வலப்பக்கத்தை மட்டுமே படிப்பார். இடப்பக்கத்தைப் படிக்க அதற்குரிய கண்ணாடி வேண்டும் அல்லவா? அவர் நேர்மையான மனிதர். அவர் கையில் அன்று 'ஓசையில்லாக் கணினி: வீட்டிலேயே செய்யலாம்' என்ற சின்னப் புத்தகம் இருந்தது. பேருந்து நிலையத்தில் வாங்கியது. அதை எழுதியவர் விவரம் தெரிந்தவர்தான். பாதிப் புத்தகத்தை மட்டும் ஒருவன் படிப்பான் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

"முதல் விதி," என்று ஏகாம்பரம் படித்தார். "'புதிதாக எதையும் வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கும் பொருள்களைக் கொண்டே செய்யுங்கள்.'"

"பெட்டியோட திருகைக் கழட்டத் திருப்புளி இந்த வீட்ல இல்லையே," என்றான் மாசிலாமணி.

"எங்க வீட்ல இருக்கு," என்றான் வைரக்கண்ணு. எதையும் செய்துவிட்டுப் பிறகு கேள்வி கேட்பவன் அவன்.

"உங்க வீட்ல இருந்தா அது உங்க வீட்ல இருக்கிற பொருள். புத்தகத்துல வீட்ல இருக்கிற பொருள்னுதான் போட்டிருக்கு. இது மாசிலாமணி வீடு."

வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் வைரக்கண்ணு போய்த் திருப்புளியை எடுத்துவந்து, யாரும் பார்க்காதபோது சமையலறைப் பலகையில் உளுந்து டப்பாவுக்குப் பின்னால் வைத்தான். நால்வரும் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு உள்ளே வந்து, வீட்டில் திருப்புளி இருக்கிறதா என்று தேடினார்கள். மூன்று அறைகளிலும் தேடினார்கள். வைரக்கண்ணுதான் எல்லோரையும்விட அதிகமாகத் தேடினான். மத்தியானம் உளுந்து எடுக்கப்போன இலஞ்சியம் அதைக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைத்தாள்.

"பார்த்தியா, வீட்லயே இருந்திருக்கு," என்றான் வைரக்கண்ணு.

செவ்வாய்க்கிழமை இரண்டாம் விதி. "'பெட்டியைத் திறப்பதற்கு முன், உடம்பில் உள்ள மின்சாரம் இறங்குவதற்காக, ஏதேனும் ஓர் உலோகத்தைத் தொடுங்கள்.'" அத்துடன் வலப்பக்கம் முடிந்தது. கையை எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. அது இடப்பக்கம்.

நான்காவது ஆளான தாண்டவராயன் ஜன்னல் கம்பியைத் தொட்டான். அவன் சொன்னதைச் செய்வான். சொல்லாததைச் செய்ய மாட்டான்.

"தொட்டுட்டேண்ணே."

"சரி, வா, பெட்டியைத் தூக்கலாம்."

"விடலாம்னு போட்டிருக்கா?"

ஏகாம்பரம் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "போடலை."

"அப்ப எப்படி விடுறது?"

அன்று முழுவதும் தாண்டவராயன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே நின்றான். கணினியை அவன் பக்கத்துக்கு இழுத்து வந்தார்கள். சாப்பாட்டை மாசிலாமணி ஊட்டினான். தெருவில் போனவர்கள், இவனை எதற்காகக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். கட்டவில்லை, விஞ்ஞானம் என்றான் தாண்டவராயன். சாயங்காலம் குயிலியைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துப்போன இலஞ்சியம், "அண்ணே, நீங்க பிடிச்சிருக்கிறதுக்குப் பெயின்ட் அடிச்சிருக்கு. நீங்க இன்னும் இரும்பைத் தொடவே இல்லை," என்றாள். அவன் திடுக்கிட்டுக் கையை எடுத்தான். தொடவே இல்லை என்றால் விடுவதில் சிக்கல் இல்லை. அவனை ஜன்னலிலிருந்து பிரிக்க அவளுக்குத் தோன்றிய ஒரே வழி அதுதான்.

மூன்றாம் விதி காற்றைப் பற்றியது. "'காற்று உள்ளே வரவும் வெளியே போகவும் பெட்டியில் வழி செய்யுங்கள்.'" ஏகாம்பரம் ஆணியும் சுத்தியலும் கொண்டு பெட்டியின் ஒரு பக்கம் நான்கு ஓட்டை, மறுபக்கம் நான்கு ஓட்டை போட்டார். சத்தத்தைக் குறைக்கும் அந்த வேலை மூன்று தெருவுக்குக் கேட்டது. குயிலி வீறிட்டு அழுதாள்.

"பார்த்தீங்களா," என்றான் மாசிலாமணி. "கம்ப்யூட்டர்னாலே பயப்படுறா."

ஓட்டைகளுக்கு மேல் ஏகாம்பரம் வண்ணப் பென்சிலால் ஒரு பக்கம் 'உள்ளே' என்றும், மறுபக்கம் 'வெளியே' என்றும் எழுதினார்.

"அண்ணே," என்றான் வைரக்கண்ணு, "காத்துக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது. அதனாலதான் அம்புக்குறியும் போட்டிருக்கேன்."

புதன்கிழமை நான்காம் விதி. "'எந்தப் பாகம் சத்தம் போடுகிறது என்று காதை வைத்துக் கேளுங்கள். அந்தப் பாகத்தைக் கழற்றிவிட்டு,'" என்பதோடு பக்கம் முடிந்தது. சத்தம் குறைந்த வேறொன்றைப் பொருத்துங்கள் என்று அந்த வாக்கியம் இடப்பக்கத்தில் போய் முடிந்திருந்தது. அதை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

சத்தம் குறைந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு மாசிலாமணி ஒரு வழி சொன்னான். குயிலி தூங்கும்போது முடுக்குவோம். அவள் எழுந்தால் சத்தம் இருக்கிறது. எழாவிட்டால் சத்தம் இல்லை. எல்லோரும் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

"ஆனா, அவ நிஜமாத் தூங்குறாளான்னு முதல்ல உறுதி பண்ணிக்கணும்," என்றார் ஏகாம்பரம். "கண்ணை மூடிட்டு சும்மா படுத்திருந்தா கணக்கு தப்பாயிடும்."

மாசிலாமணி தூளிக்குள் குனிந்தான். "குயிலி, தூங்குறியாம்மா?"

குயிலி சீராக மூச்சு விட்டாள்.

"கேக்கலை போல. கொஞ்சம் உரக்கக் கேளு," என்றார் ஏகாம்பரம்.

"குயிலிக் குட்டி. தூங்குறியான்னு அப்பா கேக்குறேன்ல."

குயிலி விழித்து அழுதாள். "நான் நினைச்சேன். தூங்கலை," என்றார் ஏகாம்பரம். அன்று பகலில் மட்டும் ஆறு முறை அந்தக் குழந்தை உண்மையில் தூங்குகிறதா என்று ஆராயப்பட்டது. ஆறு முறையும் இல்லை என்றே தெரியவந்தது. ஏழாவது முறை இலஞ்சியம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

குழந்தை இல்லாவிட்டாலும் காது இருந்தது. நால்வரும் பெட்டியில் காதை வைத்தார்கள். சத்தம் போட்டது உள்ளே இருந்த மின்விசிறி. உள்ளங்கை அகலம், ஏழு இறக்கைகள்.

"ஏழு இறக்கை எதுக்கு?" என்றார் ஏகாம்பரம். "ஏழும் சேர்ந்து கத்துது. ஒண்ணை ஒடி, ஒரு பங்கு குறையும்."

ஒன்றை ஒடித்தார்கள். விசிறி ஒரு பக்கம் கனத்துப்போய் முன்னைவிடப் பெரிதாக அதிர்ந்தது.

"பாரு. இத்தனை நாள் அந்த ஒண்ணுதான் மத்த ஆறையும் அடக்கி வச்சிருந்திருக்கு," என்றார் ஏகாம்பரம். "அடக்க ஆள் இல்லாததால ஆறும் ஆடுது. எல்லாத்தையும் ஒடி."

இரண்டாவதை ஒடித்தார்கள், மூன்றாவதை ஒடித்தார்கள். மேசை நடந்து சுவர்வரை போனது. கடைசி இறக்கையையும் ஒடித்தபோது சத்தம் சட்டென்று நின்றது. நடுவில் இருந்த மொட்டைக் குமிழ் மட்டும் ஓசையின்றி அழகாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"விசிறி ஓடுது. சத்தம் இல்லை," என்றார் ஏகாம்பரம்.

"காத்து வரலையேண்ணே," என்றான் வைரக்கண்ணு.

"காத்துக்குத்தான் ஓட்டை போட்டாச்சே. அம்புக்குறி வேற போட்டிருக்கு. இதுக்கு மேல அது வரலைன்னா நாம என்ன செய்ய முடியும்?"

நான்கே நிமிடத்தில் கணினி சூடாகி அணைந்தது. அதை அவர்கள் கணினி தூங்குவதாக எடுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

வியாழக்கிழமை மறுபடி முடுக்கிக் காதை வைத்தார்கள். இப்போது உள்ளே 'கிர்க் கிர்க்' என்று ஒரு மெல்லிய ஓசை. வன்தட்டு. எல்லாம் பதிவாகி இருக்கும் இடம் அதுதான். அது இல்லாமல் கணினி கண்ணே திறக்காது. இது இடப்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சாகி இருந்தது. கழற்றினார்கள். அதன் பிறகும் மின்சாரம் உள்ளே வரும் பெட்டி 'ம்ம்ம்' என்று முனகியது. அதைக் கழற்றுவதா வேண்டாமா என்று கேள்வி எழுந்தது.

"முனகுறது பெட்டி இல்லைண்ணே, கரண்ட்," என்றான் தாண்டவராயன். "வயர் வழியா வருது. வயரைப் பிடுங்கிட்டா அதுக்கு வர வழி ஏது?"

வயரைப் பிடுங்கினார்கள். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. ஊசி விழுந்தால் கேட்குமா என்று ஓர் ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். கேட்டது. பிறகு ஒரு மணி நேரம் ஊசியைத் தேடினார்கள். வைரக்கண்ணுவின் காலில் கிடைத்தது. அப்போது எழுந்த சத்தம் கணினியுடையது அல்ல என்பதால் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து வந்த இலஞ்சியம் கூடத்து வாசலிலேயே நின்றாள். மேசைமேல் ஓட்டை விழுந்த பெட்டி. அதைச் சுற்றித் திருகுகள். ஒரு தட்டில் ஒடிந்த ஏழு இறக்கைகள், வெற்றிலை மாதிரி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"கேளு," என்றான் மாசிலாமணி பெருமையாக. "ஏதாவது கேக்குதா?"

"இல்லை."

"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நீ உக்காந்து எழுது. பாப்பா அசையக்கூட மாட்டா."

இந்த நால்வரிடமும் பேசிப் பயனில்லை என்பதைச் சுவரும் அறியும். குயிலி அந்த நிசப்தத்தில் ஒரு நிமிடம் அங்குமிங்கும் பார்த்தாள். பிறகு அழத் தொடங்கினாள்.

"சத்தமே இல்லையே, அப்புறம் ஏன் அழுவுறா?" என்றான் வைரக்கண்ணு.

"சந்தோஷம்," என்றார் ஏகாம்பரம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு இலஞ்சியம் திருப்புளியைக் கையில் எடுத்தாள். நான்கு நாளும் எதை எங்கிருந்து கழற்றுகிறார்கள் என்று, பக்கத்து வீட்டில் இருந்தபோதும் அங்குள்ள ஜன்னல் வழியாக, அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வன்தட்டைப் பொருத்தினாள், வயரைச் சொருகினாள். ஒன்பது மணிக்குத் திரை ஒளிர்ந்தது. நான்கு நிமிடத்தில் சூடாகி அணைந்தது. மறுபடி முடுக்கினாள்; மறுபடி நான்கு நிமிடம். தேர்வோ ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் புது விசிறிக்குக் கோணலூரில் எங்கே போவது? தூளியில் குயிலி அழுகையை நிறுத்தவே இல்லை.

மணி ஒன்பதே முக்கால். நால்வரும் சுவரோரம் வரிசையாக நின்று, தங்கள் கணினியை ஒருத்தி சத்தம் போட வைத்துவிட்டாளே என்று வருத்தத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலஞ்சியம் அவர்களைப் பார்த்தாள். முதலில் கைகளைப் பார்த்தாள். பிறகு வாய்களைப் பார்த்தாள். உள்ளே போய் நான்கு பனையோலை விசிறிகளை எடுத்து வந்தாள்.

"அண்ணே, புத்தகத்துல வீட்ல இருக்கிறதை வச்சுத்தானே செய்யச் சொல்லியிருக்கு?"

"ஆமாம்மா."

"வீட்ல நீங்க நாலு பேர் இருக்கீங்க. இனிமே நீங்கதான் இந்த கம்ப்யூட்டரோட ஃபேன்."

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய பொறுப்பை இதுவரை யாரும் அவர்களிடம் ஒப்படைத்ததில்லை. தாண்டவராயன் உடனே நின்ற இடத்தில் சுற்ற ஆரம்பித்தான்.

"சுத்த வேண்டாம்ணே. பெட்டிக்குப் பக்கத்துல நின்னு வீசினா போதும். வீசிட்டே பழைய ஃபேன் போட்ட சத்தத்தை வாயால போடுங்க. ஒரே மாதிரி. நடுவுல நிறுத்தக் கூடாது."

"எவ்வளவு சத்தம்?" என்றார் ஏகாம்பரம்.

"மாவு மில் அளவுக்கு."

"கொர்ர்ர்ர்," என்றார்கள் நால்வரும்.

குயிலி அழுகையை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டாள். கொட்டாவி விட்டாள். தூங்கிப்போனாள்.

பத்து மணிக்கு இலஞ்சியம் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டர் பேசினார்; அவள் விரல்கள் ஓடின. நால்வரும் நான்கு பக்கமும் நின்று வீசினார்கள். பத்தரைக்கு ஏகாம்பரத்தின் தொண்டை வறண்டு சத்தம் இறங்கியது. தூளிக்குள் ஒரு கண் திறந்தது. மற்ற மூவரும் பயந்து உச்சத்துக்குப் போனார்கள். கண் மூடிக்கொண்டது. பதினொன்று வரை கணினி அணையவே இல்லை. 'தேர்வில் வெற்றி பெற்றீர்கள், திங்கள் முதல் வேலை' என்று திரையில் வந்தது.

இலஞ்சியம் அதை இரண்டு முறை படித்தாள். கணினியை அணைத்தாள். சுவரில் இருந்த சுவிட்சையும் அணைத்தாள். ஒரு தம்ளர் மோர் குடித்துவிட்டு, ஒரு வாரமாகத் தூங்காதவள் தூளிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்தாள். நால்வரையும் நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டாள் என்று நினைக்கக் கூடாது. அவளுக்கு ஞாபகசக்தி அதிகம்.

"கொர்ர்ர், நிறுத்தலாமா, கொர்ர்ர்," என்றான் வைரக்கண்ணு.

"ஃபேன் என்னிக்காவது தானா, கொர்ர்ர், நின்னிருக்கா?" என்றார் ஏகாம்பரம்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஊரில் கரண்ட் போனது. கூடத்து விளக்கு அணைந்தது. அந்த நொடியே நால்வரும் கை தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டார்கள். குயிலி அழுதாள். இலஞ்சியம் எழுந்து வந்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"கரண்ட் இல்லையே," என்றான் மாசிலாமணி, உதட்டை அசைக்காமல்.

நான்கு மணிக்கு விளக்கு எரிந்தது. மூன்று பேர் ஓடத் தொடங்கினார்கள். தாண்டவராயன் மட்டும் ஓடவில்லை. நின்றபடியே தூங்கிப்போயிருந்தான். மூவரும் வீசுவதை நிறுத்தாமல் அவனைச் சூழ்ந்தார்கள். காதை வைத்துக் கேட்டார்கள். மெல்லிய ஓசை வந்தது. ஏகாம்பரம் புத்தகத்தைப் புரட்டினார். பாகம் ஓடவில்லை என்றால் திறந்து பார்க்கச் சொல்லி ஒரு வலப்பக்கத்தில் இருந்தது. வைரக்கண்ணு திருப்புளியை எடுத்துக்கொண்டு பின்னால் போய்த் திருகு எங்கே இருக்கிறது என்று தேடினான்.

தாண்டவராயன் ஒரு கண்ணைத் திறந்தான்.

"திறக்குறதுக்கு முன்னாடி உலோகத்தைத் தொட்டீங்களா?" என்றான். "பெயின்ட் அடிக்காததா பாத்துத் தொடுங்க."